சாவுக்கு வந்த கேமரா சந்தோஷத்துக்கும் வரட்டும்

கடம்பூரைச் சுற்றியிருக்கிற எந்தக் காலனிக்குள் பெரிய கேமராவைத் தொங்கப்போட்டுக்கொண்டு நுழைந்தாலும் எங்களை நோக்கி வரும் முதல் கேள்வி ஒன்றுதான். "என்னய்யா, யாருக்கு என்ன ஆச்சு?"

பன்னிரண்டு வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. நாங்கள் போனதெல்லாம் அப்படிப்பட்ட நாட்களில்தான். வீடு எரிந்த மறுநாள். பையன் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிற நாள். சுடுகாட்டுக்குப் பாதை விடமாட்டேன் என்று பிணத்தை மறித்த நாள். எங்கள் தோளில் அந்தக் கறுப்புப் பையைப் பார்த்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து யார் வீட்டில் என்று விசாரிப்பார்கள்.

போன வருடம் நாங்கள் ஒரு சின்னக் கேமரா வாங்கினோம். கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் என்கிற ரகம். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதே காலனிக்குள் நுழைந்தபோது, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எய்யா, சும்மாதான வந்திருக்க? எனக்கொரு போட்டா புடி. செத்த பெறகு புடிக்காத, இப்பமே புடி."

இந்தக் கட்டுரை அந்தப் பாட்டி சொன்னதைப் பற்றியது. கேமராவைப் பற்றியும் சொல்லத்தான் போகிறோம். தோழர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள், எதை வாங்கலாம், பழசை என்ன செய்யலாம் என்று. ஆனால் எதற்கு வாங்கவேண்டும் என்பதை முதலில் பேசிவிடுவோம்.

எங்கள் தெருவுக்குக் கேமரா எப்போதெல்லாம் வந்தது? எண்ணிப் பார்த்தோம். முதலில் சாவுக்கு வந்தது. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, தலை சரியாமல் துணியால் கட்டி, பிள்ளைகளும் பேரன்களும் சுற்றி நின்று எடுத்த படம் இன்றைக்கும் பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. எங்கள் தாத்தாக்களில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் வாழ்நாள் முடிந்தபிறகு எடுத்த படம்தான். இரண்டாவது, சர்டிபிகேட்டுக்கு வந்தது. சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம். மூன்றாவது, கலவரத்துக்கு வந்தது.

நான்காவதாக இப்போது வருகைப் பதிவுக்கு வருகிறது. நூறு நாள் வேலைத் தளத்தில் தினமும் இரண்டு தடவை, நேரமும் இடமும் பதிகிற மாதிரி செல்போன் செயலியில் படம் எடுத்து ஏற்றவேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற எங்கள் அம்மாக்களை அரசாங்கம் ஆயிரக்கணக்கில் படம் எடுத்து வைத்திருக்கிறது. அதில் ஒன்றுகூட அவர்கள் வீட்டுக்கு வராது. ஆக, சாவு, சான்றிதழ், கலவரம், கூலிக் கணக்கு. சிரிப்புக்கென்று கேமரா வந்த கணக்கு எங்களிடம் இல்லை.

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. இந்த நாட்டில் கேமரா வந்த காலத்திலேயே அது சாதியைப் பட்டியல் போடத்தான் பயன்பட்டது. 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளை வெள்ளை அரசாங்கம் வெளியிட்டது. இன்ன சாதி, இன்ன குணம் என்று படத்துக்குப் பக்கத்தில் எழுதிவைத்தார்கள். சென்னை மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து, படமும் சேர்த்து, ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். படத்தில் நிற்கிறவருக்குப் பெயர் கிடையாது, சாதி மட்டும்தான். அந்த ஆள் அன்றைக்கு என்ன சாப்பிட்டார், யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அடுத்து எங்களுக்கு நெருக்கமான ஊருக்கு வருவோம். கொடியங்குளம். 1995 ஆகஸ்ட் 31. சுமார் அறுநூறு போலீஸார் ஊருக்குள் புகுந்தார்கள். டிவியை உடைத்தார்கள், மின்விசிறியை உடைத்தார்கள், வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கு வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளைக்கூட விட்டுவைக்கவில்லை. குடிக்கிற கிணற்றையும் கெடுத்தார்கள். உடைந்த சாமான்களின் படங்கள் அப்போது பத்திரிகைகளில் வந்தன. அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கு நன்றி சொல்கிறோம். அவை இல்லையென்றால் நடந்ததையே இல்லையென்று சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உடைந்த டிவியின் படம் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய காசில் அந்த டிவி வந்து இறங்கிய நாளின் படம்? வெள்ளிக்கிழமை ராத்திரி தெருவே அந்த வீட்டில் உட்கார்ந்து ஒலியும் ஒளியும் பார்த்த படம்? நாங்கள் பார்த்ததில்லை. ஊர் உடைக்கப்பட்டதற்குக் காரணமே அங்கே உடைப்பதற்கு நல்ல பொருட்கள் சேர்ந்திருந்ததுதான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த முன்னேற்றத்தை நாம் படமெடுத்து வைக்கவில்லை. அது நொறுங்கியபிறகு மற்றவர்கள் வந்து எடுத்தார்கள். 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நத்தம் காலனி எரிந்தபோதும் இதே கதைதான். என்னென்ன இருந்தது என்று கணக்கு கேட்டார்கள் என்றால், சாம்பலைத் தவிர காட்டுவதற்கு என்ன இருக்கும்? பிள்ளையின் பிறந்தநாளுக்கு எடுத்த ஒரு படத்தில் பின்னால் பீரோவும் தையல் மிஷினும் தெரிந்தால் அதுவும் சாட்சிதான். சந்தோஷமாக எடுத்த படம் என்றைக்காவது சாட்சி சொல்லும். சாட்சிக்காக மட்டுமே எடுக்கிற படம் ஒருநாளும் சந்தோஷம் தராது.

இதைத்தான் எங்கள் பழைய கேமரா எங்களுக்கு மறக்கடித்திருந்தது.

2012இல் நாங்கள் ஐந்து பேர் சீட்டுப் போட்டு ஒரு கேனான் 60டி வாங்கினோம். பேட்டரியும் கார்டும் சேர்த்து 755 கிராம். கூடவே வந்த 18-135 லென்ஸ் 455 கிராம். இரண்டும் சேர்த்து 1,210 கிராம். பை, ஃபிளாஷ், இன்னொரு லென்ஸ் எல்லாம் வைத்தால் கோவில்பட்டி டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். எங்களில் ஒருவருக்குக் கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது. அதனால் என்ன ஆயிற்று என்றால், தேவை வந்தால் மட்டும்தான் கேமரா பீரோவை விட்டு வெளியே வந்தது. தேவை என்றால் வன்கொடுமை. வருடத்தில் இருபது நாள் வெளியே வந்தால் இருபது நாளும் அழுகைதான். எங்கள் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு வருடப் படங்களைத் திறந்து பார்த்தால் எங்கள் மக்கள் பிறந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தது போலத் தோன்றும். எங்கள் பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

புதுசாக வாங்கியது கேனான் ஆர்50. பேட்டரி, கார்டு சேர்த்து 375 கிராம். கூட வந்த 18-45 லென்ஸ் 130 கிராம். மொத்தம் 505. பழையதில் பாதிகூட இல்லை. ஒரு கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறோம் என்று நினைக்கவேண்டாம். சோனி, ஃபியூஜி, நிக்கான் எல்லோரிடமும் இந்த அளவில் கேமரா இருக்கிறது. செகண்ட்ஹேண்டில் இன்னும் மலிவாகவே கிடைக்கும். எங்களுக்கு இது வாய்த்தது, அவ்வளவுதான்.

வித்தியாசம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கும். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை அது மேலே திருப்பி, நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே எகிறும், பின்னால் இருக்கிற சென்சாரில் படம் விழும். அந்த 'டடக்' சத்தம் கண்ணாடி எகிறுகிற சத்தம்தான். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியும் இல்லை, அதற்கு மேலே இருக்கிற கண்ணாடிக் கூடும் இல்லை. சென்சாரில் விழுவதைச் சின்னத் திரையில் அப்படியே பார்க்கிறோம். உள்ளே இடம் மிச்சம், எடையும் மிச்சம். 2008இல் பானாசோனிக் இந்த ரகத்தில் முதல் கேமராவைக் கொண்டுவந்தது. பதினைந்து வருடத்துக்குள் பெரும்பாலான கம்பெனிகள் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன.

எடையைவிட எங்களுக்குப் பெரிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. நிறம்.

கேமராவுக்குள் இருக்கிற வெளிச்ச அளவி, எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் எங்கள் ஆள் நின்றால், வெள்ளை அதிகமாக இருக்கிறது என்று அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், முகம் கரியாகும். உழுதுபோட்ட கரிசல் காட்டில் நின்றால் தலைகீழ். கறுப்பு அதிகமாக இருக்கிறதென்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மண் வெளிறிப்போகும், வேட்டி வெறும் வெள்ளைப் பொட்டலாகும். ஃபிலிம் காலத்தில் கதை இன்னும் மோசம். கோடாக் கம்பெனி லேபுகளுக்கு அனுப்பிய வண்ணம் சரிபார்க்கும் அட்டையில் பல ஆண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. எங்கள் முகத்துக்கு யார் அட்டை வைத்தார்கள்?

கல்யாண வீட்டுப் படத்தில் "கறுப்பா விழுந்திருச்சு" என்று எங்கள் அக்காக்கள் தங்கள் முகத்தைத் திட்டிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். முகத்தில் ஒரு குறையும் இல்லையக்கா. கேமராவின் கணக்கில்தான் குறை. இந்தப் புதுக் கேமராவில் கண்ணை வைக்கும்போதே, படம் எப்படி விழப்போகிறது என்பது தெரிகிறது. முகம் இருண்டால் சக்கரத்தை ஒரு சுற்று கூட்டினால் போதும். அந்த முகத்தின் மினுமினுப்பு, கன்னத்துச் சுருக்கம், மூக்குத்தி எல்லாம் எழுந்து வருகிறது. பழைய கேமராவிலும் பின்திரையில் பார்த்து எடுக்கலாம். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் அந்தத் திரை தெரியாது, ஃபோகஸும் நத்தை மாதிரி நகரும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். பழையதில் ஒரு சார்ஜுக்கு ஆயிரம் படம் தாராளமாக எடுப்போம். இது முந்நூறு, நானூறிலேயே மூச்சு வாங்குகிறது. இன்னொரு பேட்டரி இல்லாமல் கிளம்பக்கூடாது. லென்ஸைக் கழற்றினால் சென்சார் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நம் ஊர் கரிசல் புழுதி தெரியுமல்லவா? காற்றாலை சுற்றுகிற ஆடிக் காற்றில் வெட்டவெளியில் லென்ஸ் மாற்றினால், வானத்தில் கறுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். நாங்கள் வெளியில் லென்ஸ் மாற்றுவதே இல்லை. ஒரே லென்ஸ், நடந்து கிட்டப் போவதுதான் ஜூம். மழைக்கும் இது தாங்காது.

சத்தமில்லாமல் படம் எடுக்கிற வசதி ஒன்றும் இதில் உண்டு. நாங்கள் அதை அணைத்துவைத்திருக்கிறோம். டியூப்லைட், எல்.ஈ.டி. வெளிச்சத்தில் அப்படி எடுத்தால் படத்தில் வரிவரியாக விழும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. எங்கள் மக்களைத் தெரியாமல் படம் எடுத்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். எங்கள் கேமரா சத்தம் போடட்டும். அவர்கள் திரும்பிப் பார்க்கட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும்.

"இதுக்கு செல்போன் போதாதா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போதும் என்றால் போனிலேயே எடுங்கள், எடுப்பதுதான் முக்கியம். ஆனால் போன் படங்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் உதிர்ந்துவிடும். போன் தண்ணீரில் விழுந்தால் மூன்று வருட வாழ்க்கையும் போச்சு. கேமரா என்று ஒன்று இருந்தால் கார்டு, கம்ப்யூட்டர், பிரிண்ட் என்று ஒரு ஒழுங்கு வருகிறது. நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம்: யாரைப் படம் எடுத்தாலும் கோவில்பட்டியில் பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த படம்.

இன்னொரு கேள்வி மூத்த தோழர் ஒருவர் கேட்டது. கொஞ்சம் வலித்தது. "நாடு எரியுது. நீங்க போளி விக்கிறவனையும் பூனைக்குட்டியையும் படம் புடிச்சிட்டு அலையுறீங்களா?"

ஆமாம் தோழர். கடம்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் போளித் தட்டோடு ஓடுகிறவர்களைப் படம் பிடிக்கிறோம். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரிப்பதைப் பிடிக்கிறோம். கிழிந்த ஷூவோடு ஹாக்கி மட்டையைத் தோளில் வைத்து நிற்கிற பையனைப் பிடிக்கிறோம். முதல் மழைக்கு உளுந்து விதைக்கப் போகிறவர்கள், நூறு நாள் வேலையில் சாப்பாட்டு நேரத்தில் கருவேல நிழலில் ஊறுகாய் பங்கு போடுகிறவர்கள், எல்லோரையும்தான். அந்த அம்மாக்களை அரசாங்கம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை படம் எடுக்கிறது. மூன்றாவது படம் நாங்கள் எடுக்கிறோம். அது மட்டும்தான் அவர்கள் வீட்டுச் சுவருக்குப் போகிறது.

நாம் சந்தோஷமாக இருப்பது இந்த நாட்டில் சின்ன விஷயமா? 2017இல் குஜராத்தில் லிம்போதரா என்ற ஊரில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பதிலாக நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மீசையை முறுக்கிய படத்தைத் தங்கள் வாட்ஸப் முகப்பில் வைத்தார்கள். கண்ணாடி போட்டு பைக்கில் சாய்ந்து நிற்கிற ஒரு படம் நம் பையனுக்கு ஆபத்தாக முடியுமென்றால், அந்தப் படத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸுக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட மனிதர் அவர்தான் என்கிறார்கள். கறுப்பர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டிருந்த காலத்தில், நல்ல கோட்டுப் போட்டு, நேராகக் கேமராவைப் பார்த்து, திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தார். நம் அண்ணல் அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்து நிற்கிற படம் நம் வீடுகளில் செய்கிற வேலையும் அதுதானே.

தமிழ்நாட்டிலும் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். மதுரை பழனிக்குமார் மலக்குழி மரணங்களைப் படமெடுத்தவர், 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். அதே கையால் மீன் விற்கிற தன் அம்மாவையும் எடுத்தார். பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றும் கொடுக்கிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் கொரோனா ஊரடங்கில் வீடு திரும்பித் தன் சொந்தக் குடும்பத்தையே படமெடுத்தார். வெளியிலிருந்து வந்து தலித் வீட்டைப் பார்க்கிற கண்ணுக்கும், அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த கண்ணுக்கும் இருக்கிற தூரம் அந்தப் படங்களில் தெரியும்.

இப்படிச் சொல்வதால் பழைய வேலையை விட்டுவிட்டோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். 60டியை நாங்கள் விற்கவில்லை. களஆய்வுக்கு இன்றும் அதுதான் போகிறது. பேட்டரி நிற்கிறது, கைக்கும் பழகியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின்படி, பிரிவு 15ஏ(10), வழக்கின் நடவடிக்கைகள் அனைத்தும் வீடியோவில் பதியப்படவேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். நாம் எடுக்கிற படங்களுக்கும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவில் சான்றிதழ் தரவேண்டியிருக்கும். ஆகவே எந்தக் கேமராவானாலும் அசல் கார்டை அழிக்காதீர்கள், அசல் கோப்பில் கை வைக்காதீர்கள், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். இது நம் கடமை. கடமையை ஒருநாளும் கீழே வைக்கமுடியாது.

ஆனால் கடமைக்கு மட்டுமே கேமராவைத் தூக்கியவர்கள் ஒருநாள் தூக்கமுடியாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்களிலேயே இரண்டு பேர் அப்படி உட்கார்ந்தார்கள். ராத்திரி தூக்கம் இல்லை, கண்ணை மூடினால் எடுத்த படங்களே வருகின்றன என்றார்கள். அவர்களில் ஒருவர் இப்போது தினமும் சாயங்காலம் சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை நடந்துவிட்டு வருகிறார். ஏதாவது ஒரு படம். ஆடு, ஆள், ஆகாயம். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கிறது.

அந்தப் பாட்டியின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெற்றிலைச் சிவப்பு வாயோடு, ஒரு பல் தெரியச் சிரிக்கிறார். நீட்டிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "பரவால்லய்யா, நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றார்.

தோழர்களே, நம் மக்கள் நல்லாவும் இருந்திருக்கிறார்கள். அதையும் எடுத்து வையுங்கள்.

ஜெய்பீம்.